கிராஃப்டிலி: ஒரு வினையடையின் மெட்ராஸ் வாழ்க்கை

ஆங்கிலத்தில் 'கிராஃப்டிலி' என்றொரு சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் தந்திரமாக, சூழ்ச்சியாக, கபடமாக என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். அர்த்தம் சரிதான். ஆனால் அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் இருக்கும் 'கிராஃப்ட்' நமக்கு வேறு மாதிரிப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கிராஃப்ட் பீரியட் இருந்தது. ஊருக்கு ஊர் ஹேண்டிகிராஃப்ட்ஸ் கடை இருக்கிறது. எழுத்தாளர்களின் 'கிராஃப்ட்' பற்றி நாமே மணிக்கணக்கில் பேசுகிறோம். பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை அதற்கு அவ்வளவு மரியாதை. வினையடையாக மாறி ஒருவருடைய செயலுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் திருட்டு முழி முழிக்கிறது. நடுவில் என்ன நடந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'கிராஃப்ட்' என்றால் முதலில் வலிமை, பிறகு திறமை. ஜெர்மன் மொழியில் அதே சொல் இன்றைக்கும் வலிமை என்ற பொருளில்தான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃப்ரெட் அரசர் பெயரில் வழங்கும் ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. போயத்தியஸ் சிறையில் இருந்து எழுதிய தத்துவ நூலின் ஆங்கில வடிவம். அதில் நற்பண்பு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லுக்கு ஈடாக 'கிராஃப்ட்' வருகிறது. நல்லவனாக இருப்பதும் ஒரு திறமை என்று நினைத்த காலம் போல.

தனியாக இந்த ஒரு சொல் மட்டும் கெட்டுப்போயிருந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். கூடப் பிறந்தவற்றைப் பாருங்கள். 'கன்னிங்' என்பது 'அறிதல்' என்ற வேரிலிருந்து வந்தது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில்கூட, ஆசரிப்புக் கூடாரத்துக்கு நெய்தவர்களின் கைத்திறனுக்கு அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். 'ஸ்லை' வடநாட்டு நார்ஸ் மொழியிலிருந்து வந்தபோது அதற்கும் திறமையான, கெட்டிக்கார என்றுதான் பொருள். மூன்று சொற்கள், மூன்றும் அறிவையும் கையையும் குறித்தவை, மூன்றும் வந்து சேர்ந்த இடம் ஏமாற்று.

இன்றைய ஆங்கிலத்தில் ஒரே செயலை மூன்று விதமாகச் சொல்லலாம். அவன் பெட்டியை 'ஸ்கில்ஃபுலி' திறந்தான் என்றால் கை தெரிகிறது. 'கிளெவர்லி' திறந்தான் என்றால் மூளை தெரிகிறது. 'கிராஃப்டிலி' திறந்தான் என்றால் கூடவே இன்னொரு ஆள் தெரிகிறார். தனக்குத் தெரியாமல் திறந்துவிட்டார்களே என்று நிற்பவர். இந்த வினையடைக்கு மூன்று பேர் தேவை: செய்தவர், இருட்டில் வைக்கப்பட்டவர், அதைக் கண்டுபிடித்து நமக்குச் சொல்பவர். சொல்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் கட்சி. குழந்தைக் கதைகளில் மட்டும் சில சமயம் முதல் ஆளின் கட்சியில் நிற்பார். முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப் போகும்போது நாம் கைதட்டுவது அதனால்தான்.

கையெழுத்துப் போட்டுச் சொல்லும் அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துப் பொருளைத்தான் அகராதியும் கடைசியில் எடுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். அதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று சின்னது, எங்கள் வீட்டுக்குள் நடந்தது. இன்னொன்று இந்த ஊரின் வரலாறு.

*

எங்கள் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டினார். நாங்கள் இருந்தது பருத்திப்பட்டில். காலை ஷிஃப்ட் என்றால் ஆவடி வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கம். அவர் வேலை, வட்டமான இரும்புத் தட்டுகளில் ஆறு துளை போடுவது. ஒவ்வொரு தட்டையும் வைத்து, இறுக்கி, அளந்து, போட்டு, கழற்றி. ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. அதற்கு மேலே போட்டால் இன்சென்டிவ்.

அப்பா கழிவு இரும்பில் ஒரு ஃபிக்ஸ்சர் செய்தார். நான்கு தட்டுகளை ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும் சாதனம். அளக்கவே வேண்டாம், வைத்தால் போதும். மூன்று மாதம் யோசித்து, சாப்பாட்டு வேளையில் ராவி ராவிச் செய்தது என்று அம்மா சொல்வார். அதை டூல் பாக்ஸுக்குள் துணி சுற்றி வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட்டில் மட்டும் வெளியே வரும். ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு டைம் ஸ்டடி செய்ய ஆள் வந்தால் உள்ளே போய்விடும். காரணம் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். ஒரு பீஸ் சீக்கிரம் முடியும் என்று மேலே தெரிந்தால் கணக்கை ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் அந்தச் சுமை பக்கத்து மெஷின்காரனுக்கும் சேர்த்து.

ஒரு நாள் தெரிந்துவிட்டது. சார்ஜ் மெமோ வந்தது, ஆங்கிலத்தில். அந்தத் தாளில்தான் இந்தச் சொல்லை நான் முதன்முதலில் பார்த்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. தொழிலாளி உற்பத்தி செய்யும் திறனை நிர்வாகத்திடமிருந்து 'கிராஃப்டிலி' மறைத்தார் என்று எழுதியிருந்தார்கள். "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று அப்பா கேட்டார். அகராதியைப் பார்த்து, "தந்திரமா-ன்னு போட்டிருக்குப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சங்கத்துக்காரர் ஒருவர் பதில் எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை, ஒரு இன்கிரிமென்ட் போனது. ஃபிக்ஸ்சரை எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அதே மாதிரி ஃபிக்ஸ்சர் அந்த வரிசையில் இருந்த எல்லா மெஷினிலும் வந்தது, டிராயிங் ஆபீஸ் எண்ணோடு. பீஸ் கணக்கும் ஏறியது.

அதே இரும்புதான். அப்பாவின் டூல் பாக்ஸில் இருந்தபோது தந்திரம். டிராயிங் ஆபீஸ் எண் விழுந்ததும் மெத்தட் இம்ப்ரூவ்மென்ட்.

*

தமிழ் இந்த விஷயத்தில் ஆங்கிலத்துக்குச் சளைத்ததில்லை. 'தந்திரம்' என்ற சொல்லையே எடுங்கள். வடமொழியிலிருந்து வந்தது. நூல், சாத்திரம், ஒழுங்குபடுத்திய முறை என்று பொருள். திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏமாற்று எதுவும் கிடையாது. கோயில் ஆகம முறைகளைக் கற்றவர் கேரளத்தில் தந்திரி. பழைய வழக்கில் தந்திரம் என்றால் சேனையும்கூட. நூல், முறை, படை என்று வாழ்ந்த சொல், இன்றைக்கு "அவன் தந்திரக்காரன்" என்பதில் வந்து நிற்கிறது.

'சூழ்ச்சி' இன்னும் வேடிக்கை. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தச் சொல்லை வைக்கிறார். அங்கே அதற்குக் கலந்து ஆராய்தல் என்று பொருள். அமைச்சருக்கு இருக்க வேண்டிய குணம் அது. இன்றைக்கு ஒரு அமைச்சரைச் சூழ்ச்சி தெரிந்தவர் என்று மேடையில் பாராட்டிப் பாருங்கள்.

'வித்தை' என்றால் கல்வி. "என்ன, வித்தை காட்டுறியா?" என்றால் கல்வி இல்லை. 'காரியக்காரர்' ஒரு காலத்தில் பொறுப்புள்ள அதிகாரியின் பதவிப் பெயர். இப்போது "அவ பெரிய காரியக்காரி" என்று தெருவில் சொன்னால் அன்றைக்குச் சண்டைதான். எனக்கு மிகவும் பிடித்தது 'கைவரிசை'. சிலம்பம் ஆடுபவர்களுக்குத் தெரியும், ஆயுதமில்லாமல் வெறுங்கையால் செய்யும் தாக்குதல் தடுப்பு முறைகளின் வரிசை அது. ஆசானிடம் காலில் விழுந்து கற்றது. நாளிதழில் இன்றைக்கு அந்தச் சொல் வருகிற ஒரே இடம், 'பூட்டிய வீட்டில் கொள்ளையர் கைவரிசை'. கிராஃப்ட் கிராஃப்டிலி ஆனதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் சகோதரன் கிடைக்காது. கையின் திறமை அப்படியே களவின் பெயராகிவிட்டது.

இதில் ஒரு புத்தகத்தின் பெயரும் மாட்டிக்கொண்டது. பஞ்சதந்திரம் என்றால் ஐந்து பகுதிகள் கொண்ட நூல், அவ்வளவுதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை ஐந்து தந்திரங்கள் என்று நினைத்து வளர்ந்தோம்! அந்தக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தாண்டவராய முதலியார் எழுதி 1826இல் வெளிவந்தது. அவர் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழாசிரியர். 1812இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, கம்பெனிக்கு வேலை பார்க்க வரும் இளம் ஆங்கிலேயர்களுக்கு நம் மொழிகளைக் கற்றுக்கொடுக்க ஏற்பட்டது. ஆளப்போகிறவர்கள், ஆளப்படுகிறவர்களின் மொழியை நரி, காகம், முயல் வழியாகப் படித்தார்கள். கதையில் முயல் ஜெயிப்பதை ரசித்தவர்கள் மறுநாள் கச்சேரியில் உட்கார்ந்து முயல்களை விசாரிக்க வேண்டும்.

*

அந்தக் கச்சேரிகளில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றார். துபாஷ். இரண்டு பாஷைக்காரர் என்று பொருள். மெட்ராஸின் கதையே அவரில்லாமல் நகராது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பின்னால் வரும் 'பட்டு' துணிப் பட்டு கிடையாது. சேத்துப்பட்டு, செங்கல்பட்டு மாதிரி ஊர்ப்பெயர் விகுதி. ஆங்கிலேயர்கள் 1639இல் இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் உள்நாட்டில் மலிவாகக் கிடைத்த பருத்தித் துணி. வந்தவர்களுக்கு நெசவாளியின் மொழி தெரியாது, விலை தெரியாது, யாரை நம்புவது என்று தெரியாது. எல்லாம் தெரிந்தவர் துபாஷ். மொழிபெயர்ப்பார், சரக்கு பிடிப்பார், வீட்டுச் செலவு பார்ப்பார். துரையிடம் பணமில்லாவிட்டால் கடன் கொடுப்பார், அதற்கு வட்டியும் வாங்குவார். துரைக்கு உள்ளூரில் கண், காது, வாய் எல்லாம் அவரே.

கண்ணையும் காதையும் இன்னொருவரிடம் ஒப்படைத்தவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? "இவன் அவங்கிட்ட என்ன பேசினான்? நான் சொன்னதைத்தான் சொன்னானா?" தனக்குப் புரியாத மொழியில் தன் கண்முன் நடக்கும் எந்தப் பேச்சும் சூழ்ச்சி போலத்தான் தெரியும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளில் துபாஷுக்கு அடைமொழி தேடினால் தந்திரத்தின் பலவகைப் பெயர்கள் வரிசையில் நிற்கும்.

துபாஷ்களைப் புனிதர்களாக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. சூளையில் அவதான பாப்பையாவின் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பாப்பையா, சென்னை கவர்னராக இருந்த ஜான் ஹாலண்டின் துபாஷ். டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரிமீது பொய்யாகக் குற்றம் ஜோடித்து அவரைப் பதவியிலிருந்து அகற்றச் சதி செய்ததாக வழக்கு. 1792இல் விசாரணை நடந்து பாப்பையா குற்றவாளி என்று தீர்ப்பானது. விசாரணை லண்டனில் புத்தகமாகவே அச்சானது. சர் வால்டர் ஸ்காட் 1827இல் எழுதிய 'தி சர்ஜன்ஸ் டாட்டர்' நாவலில் பாப்பையா என்ற துபாஷையே இருண்ட திட்டங்களின் சூத்திரதாரியாக வைத்தார். ஸ்காட் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. ஒரு ஆளின் வழக்கு, முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வகையின் உருவப்படமாகிவிட்டது.

பாப்பையா செய்தது தந்திரம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இன்னொருவன் பிழைப்பைக் கெடுத்த தந்திரம். நான் கவனிப்பது வேறு. கூண்டில் பாப்பையாவோடு நின்றவர்களும் நம் ஊர்க்காரர்களே. யாருக்கு அவர் துபாஷோ, அந்த ஹாலண்ட் 1790 பிப்ரவரியிலேயே பதவியை விட்டிருந்தார்; இந்தக் கூண்டில் அவர் இல்லை. சூளைக்காரர் பெயர் மட்டும் நாவலுக்குள் போனது.

அதே காலத்தில் அதே நகரத்தில் இன்னொரு துபாஷ் இருந்தார். பச்சையப்ப முதலியார். அவரும் அதே தொழிலில்தான் சம்பாதித்தார். 1794இல் இறந்தபோது சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பணம் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, கோர்ட்டுக்குப் போய் மீட்கப்பட்டு, 1842இல் ஒரு பள்ளிக்கூடமானது. சென்னையில் ஏழைப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்த இடங்களில் பச்சையப்பன் முக்கியமானது. பாப்பையா நாவலில் வில்லனானது போல பச்சையப்பர் எந்த ஆங்கில நாவலிலும் நாயகனாகவில்லை.

*

எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1744இல் மெட்ராஸுக்கு எழுத்தராக வந்து இறங்கினார் ராபர்ட் கிளைவ். 1757இல் வங்காள நவாபைக் கவிழ்க்கும் திட்டத்தில் ஓமிசந்த் என்ற வணிகர் தனக்குப் பங்கு கேட்டார். கொடுக்காவிட்டால் ரகசியம் வெளியே போகும். கிளைவ் இரண்டு ஒப்பந்தங்கள் தயாரித்தார். வெள்ளைத் தாளில் உண்மையானது, அதில் ஓமிசந்த் பெயர் இல்லை. சிவப்புத் தாளில் பொய்யானது, அதில் அவர் பங்கு எழுதியிருந்தது. கடற்படைத் தளபதி வாட்சன் பொய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் கையெழுத்தையும் போட்டுவிட்டார்கள். காரியம் முடிந்ததும் ஓமிசந்திடம் சிவப்புத் தாள் வெற்றுத் தாள் என்று சொல்லப்பட்டது. 1773இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது கிளைவ் வெட்கப்படவில்லை. இன்னொரு முறை வந்தாலும் அதையே செய்வேன் என்ற தொனியில்தான் பேசினார்.

'கிராஃப்டிலி' என்ற சொல்லுக்கு அகராதி உதாரணம் தேடினால் இதைவிடப் பொருத்தமானது எது? ஆனால் மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை எப்படி விளக்குகிறார் தெரியுமா? கிளைவ் இயல்பில் ஒளிவுமறைவற்றவர், ஆனால் இந்தியச் சூழ்ச்சிக்காரரோடு மோத வேண்டி வந்ததும் அவரே ஒரு இந்தியச் சூழ்ச்சிக்காரராக ஆகிவிட்டார் என்கிறார். மெக்காலே கிளைவைக் கண்டிக்கவே செய்கிறார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கண்டனத்திலும் தந்திரத்துக்குச் சொந்த நாடு இந்தியா. ஆங்கிலேயன் செய்தால் அது இங்கே ஒட்டிக்கொண்ட நோய். இப்போது வினையடை, செய்த ஆளையே விட்டுவிட்டு ஒரு நாட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

சேப்பாக்கம் பக்கம் வந்தால் இன்னும் பெரிய கணக்கு. ஆற்காடு நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்ததாக பால் பென்ஃபீல்ட் போன்ற கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த பத்திரங்கள் மலையாகக் குவிந்தன. எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் அந்தக் கடன்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பிறகு 1805இல் ஆணையம் போட்டு, நவாப் குடும்பத்தின் மீதான மீதிக் கோரிக்கைகளை ஆராயப் பல ஆண்டுகள் ஆயின. 3 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்லுபடியாகவில்லை. பத்திரம் வைத்திருந்தவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். ஆனால் மொத்தத்துக்கும் சரித்திரத்தில் கிடைத்த பெயர் 'ஆற்காட்டுக் கடன்கள்'. ஏமாற்றியவர் பெயர் இல்லை, ஏமாந்த அரண்மனையின் பெயர்.

இந்தக் கடன் சந்தையில் நம் அகராதிக்காரர் ஒருவரும் மாட்டினார். ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரிசியஸ், வேப்பேரியில் இருந்து வேலை பார்த்தவர். தமிழுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதியை 1779இல் கொண்டுவந்தார். மொழியில் அத்தனை நுணுக்கமானவர், பணத்தில் வெள்ளந்தி. மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தை வட்டிக்கு விட்டு, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791இல் இறந்தார். பாப்பையா விசாரணை அதற்கு அடுத்த வருடம். வேப்பேரியும் சூளையும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள்.

*

துபாஷ் தன்னைப் பற்றி என்ன நினைத்தார்? மெட்ராஸ் துபாஷ்கள் விட்டுப்போனது பெரும்பாலும் கணக்கும் வழக்கும். ஆனால் பெரம்பூரில் 1709இல் பிறந்து புதுச்சேரி போய், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதில்லை. அதனால் அதில் நமக்கு வேறு எங்கும் கிடைக்காத காட்சி கிடைக்கிறது: கவர்னர் பேசியது, தான் பதிலுக்குச் சொன்னது, நடுவே எந்த இடத்தில் எப்படிப் புகழ்ந்தது எல்லாம்.

படித்தால் முதலில் சங்கடமாக இருக்கும். இவ்வளவு புகழ்ச்சியா என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் படித்தால் புகழ்ச்சிக்குக் கீழே பயம் தெரியும். கவர்னரின் மனைவிக்கு இவரைப் பிடிக்காது. பதவிக்குப் போட்டியாளர்கள் காத்திருக்கிறார்கள். இவர் குடும்பத்தில் முன்பு துபாஷாக இருந்த நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக்காரர்களின் சிறையிலேயே 1717இல் செத்தவர். ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியிலிருந்து தந்திரமாகத் தெரிவது, உள்ளேயிருந்து பார்த்தால் தினசரி எச்சரிக்கை.

அந்த மாதிரிப் பேச்சுக்குத் தமிழில் அழகான ஒரு சொல் உண்டு. நைச்சியம். 'நீச' என்பதிலிருந்து வந்தது. தாழ்மை என்று பொருள். வைணவத்தில் பக்தன் பெருமாள் முன்னால் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வது நைச்சியானுசந்தானம், உயர்ந்த குணம். அதே சொல் கோயிலை விட்டு வெளியே வந்து, "நைச்சியமாப் பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்" என்று ஆனது. கடவுளின் முன் தாழ்ந்தால் பக்தி, துரையின் முன் தாழ்ந்தால் தந்திரம். எல்லா இடத்திலும் தாழ்ந்து நிற்க வேண்டியவனுக்கு எது எதுவென்று யார் பிரித்துக் காட்டுவது?

*

இவ்வளவுக்கும் பிறகு 'கிராஃப்டிலி' என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால், நான் அகராதியின் 'தந்திரமாக'வை எடுக்கமாட்டேன். ஆவடி–பூந்தமல்லி சாலையில் எந்த டீக்கடையிலும் கிடைக்கும் ஒரு சொல்லை எடுப்பேன். நைசா. "நைசா நழுவிட்டான்", "நைசாக் கேட்டுப் பாரு", "க்யூவுல நைசாப் பூந்துட்டா". மறைவு இருக்கிறது, திறமை இருக்கிறது, இருட்டில் விடப்பட்ட ஒருவர் இருக்கிறார். ஆனால் தீர்ப்பு இல்லை. சொல்பவர் பாதி கோபத்திலும் பாதி சிரிப்பிலும் இருக்கிறார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கில 'நைஸ்' என்பார்கள். மாவு நைசாக அரைபட்டது, துணி நைசாக இருக்கிறது, அப்படியே வழுவழுப்பாக ஆள் நழுவினான். இன்னொரு பக்கம் 'நைச்சியமா' தேய்ந்து 'நைசா' ஆவதற்கும் வாய்க்கு அதிக தூரம் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. கோயிலில் இருந்து வந்த தாழ்மையும் கோட்டையில் இருந்து வந்த வழுவழுப்பும் மெட்ராஸ் தெருவில் சந்தித்துக்கொண்டன. இரண்டு பாஷைக்காரனின் சொல்லே இரண்டு பாஷையில் பிறந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆங்கில 'நைஸ்' வந்த வழியும் கேட்கத் தகுந்தது. லத்தீனில் அதற்கு 'அறியாத' என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது மடத்தனமான என்று பொருள். பிறகு நுணுக்கமான என்றாகி, 18ஆம் நூற்றாண்டில் நல்ல, இனிமையான என்று உயர்ந்துவிட்டது. அறிந்ததைக் குறித்த 'கன்னிங்' கீழே இறங்கி ஏமாற்று ஆனது. அறியாததைக் குறித்த 'நைஸ்' மேலே ஏறி நல்ல குணம் ஆனது. எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பவன் நல்லவன், தெரிந்தவன் ஆபத்தானவன் என்று ஒரு மொழி பல நூறு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அது வசதியான இலக்கணம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு நாவலிலோ செய்தியிலோ ஆபீஸ் மின்னஞ்சலிலோ ஒருவர் ஏதோ 'கிராஃப்டிலி' செய்ததாகப் படித்தால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்கில்ஃபுலி' என்று போட்டு ஒரு முறை படியுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தத் திறமையால் நஷ்டப்பட்டது யார்? வாக்கியத்தை எழுதியது யார்? பாப்பையா வழக்கில் நஷ்டப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், ஹாலிபர்ட்டன். அங்கே அந்தச் சொல் நிற்கட்டும். கிளைவின் சிவப்புத் தாளிலும் நிற்கட்டும், நம் நாட்டின் பெயர் ஒட்டாமல். கழிவு இரும்பில் செய்த ஒரு ஃபிக்ஸ்சருக்கு அது பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதையும் பூங்காவும் போட்டிருக்கிறார்கள். மாலையில் ஐ.டி. வேலைக்கு இன்டர்வியூ போகப்போகும் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் பழகிக்கொண்டே நடப்பார்கள். போன வாரம் ஒரு பெண் தோழியிடம், "ஏன் வேலையை விட்டேன்னு கேட்டா நைசா டாபிக்கை மாத்திடு" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாஷையில் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, எச்சரிக்கையை இன்னொரு பாஷையில் கொடுக்கிறாள். தொழில் இன்னும் அழிந்துபோகவில்லை.